மேனுவல் கியர் கார்கள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன? மலையில் வசிப்பவர்கள் இனி எதை வாங்குவது?

கேள்வி: கோத்தகிரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் அடிக்கடி இறங்கி ஏற வேண்டிய வேலை எனக்கும் என் மனைவிக்கும் உண்டு. எங்களிடம் இருப்பது 1.3 லிட்டர் டீசல் எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட பழைய ஸ்விஃப்ட். இன்னும் நன்றாகவே ஓடுகிறது என்றாலும் அதற்கு வயதாகிவிட்டது. ஆகவே இந்த ஆண்டுக்குள் புதிய கார் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். டீசல் கிடைக்காவிட்டால் பெட்ரோலுக்கு மாறத் தயார். ஆனால் கிளட்சும் கியர் லிவரும் உள்ள வண்டிதான் வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தேடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது புரிந்தது. 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸில் மேனுவல் என்பதே கிடையாது. 2024இல் புதுப்பிக்கப்பட்டு வந்த கிரெட்டாவில் டர்போ பெட்ரோல் எஞ்சின் வேண்டுமென்றால் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் ஒன்றுதான் தரப்பட்டது; மேனுவல் வேண்டுமானால் அதன் 'என் லைன்' (N Line) என்ற தனி வடிவத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வடிவத்தில் மேனுவல் இல்லை. மின்சாரக் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மேனுவல் இருக்கும் மாடல்களிலும், உயர்ந்த விலைப்பிரிவுகளுக்குச் செல்லச் செல்ல அது மறைந்துவிடுகிறது. கோவையில் நான் சென்ற ஒரு ஷோரூமில், ஓட்டிப் பார்ப்பதற்கு மேனுவல் வண்டியே வைத்திருக்கவில்லை. ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு மேனுவலுக்கு முன்பதிவு செய்யுங்கள் என்றார்கள். கியர் எப்படி விழுகிறது, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று அறியாமல் பல லட்சம் ரூபாயை எப்படிக் கட்டுவது?

எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். நிறுவனங்கள் மேனுவலைக் கைவிடுவதற்கு உண்மையான காரணம் என்ன? இப்போது ஒரு மேனுவல் காரை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளாவது வைத்துக்கொள்ள நினைத்தால், உதிரிபாகங்களுக்கும் வேலை தெரிந்தவர்களுக்கும் தட்டுப்பாடு வருமா? ஆட்டோமேட்டிக்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால், மலை இறக்கத்துக்கு எந்த வகை நம்பத்தக்கது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஒரகடம்_பொறியாளர்

ஐயா, கார் உதிரிபாகத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். மக்கள் விரும்பவில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள் என்ற விளக்கம் பாதிதான் உண்மை. இந்தியாவில் விற்கும் கார்களில் இன்றும் பெரும்பான்மை மேனுவலே. மறைந்துகொண்டிருப்பது நடுத்தரத்துக்கு மேலான விலைப்பிரிவுகளில் இருந்த மேனுவல்.

இந்த மாற்றம் 2014இல் மாருதி செலெரியோவுடன் தொடங்கியது எனலாம். அதற்கு முன்பும் ஆட்டோமேட்டிக் கார்கள் இருந்தன. ஆனால் விலை வித்தியாசமும் பெட்ரோல் செலவும் சாதாரணக் குடும்பங்களை அண்டவிடவில்லை. செலெரியோவில் வந்த ஏ.எம்.டி. என்பது புதிய கியர்பாக்ஸ் அல்ல. இருக்கும் மேனுவல் கியர்பாக்ஸின் மீது, கிளட்சை அழுத்தவும் கியரை மாற்றவும் கணினியின் கட்டளைப்படி இயங்கும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். ஏறத்தாழ 40,000 ரூபாய் கூடுதல் விலையில், மைலேஜ் குறையாமல் கிளட்ச் மிதியிலிருந்து விடுதலை கிடைத்தது. சென்னை, பெங்களூரு நெரிசலில் தினமும் ஓட்டுபவர்களுக்கு அது பெரிய வரமாக அமைந்தது. இயற்கை எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. கார் என்றால் மேனுவல்தான் என்று இருந்த நிலையும் 2024இல் டாடா டியாகோவின் சி.என்.ஜி. ஏ.எம்.டி. வந்ததும் மாறியது.

இரண்டாவது காரணம் மாசு விதிகள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டமாக, உண்மையான சாலை ஓட்டத்திலும் புகையின் அளவு கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த இணைக்கும் தனித்தனியாகச் சோதனை செய்து, எஞ்சின் கணினியை அதற்கேற்ப அமைத்து, சான்றிதழ் பெற வேண்டும். மேனுவலில் எந்த வேகத்தில் எந்த கியர் என்பதை முடிவு செய்பவர் ஓட்டுநர். ஆட்டோமேட்டிக்கில் அதை முடிவு செய்வது நிறுவனம் எழுதிய நிரல். புகையையும் எரிபொருளையும் கட்டுக்குள் வைக்க வேண்டிய பொறியாளருக்கு இரண்டாவது வகை எவ்வளவு எளிது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதோடு, ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரி கரியமில வாயு வெளியீட்டுக்கும் வரம்பு உண்டு. 2022-23 முதல் அது கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற அளவுக்கு இறுக்கப்பட்டது. அந்தச் சராசரியைக் குறைக்க ஹைபிரிட்டும் மின்சாரக் காரும் தேவைப்படுகின்றன. டொயோட்டா வகை ஹைபிரிட்டில் எஞ்சினையும் இரண்டு மின்மோட்டார்களையும் ஒரு கோள்கியர்த் தொகுதி இணைக்கிறது. அதன் அமைப்பில் கிளட்ச் மிதிக்கு இடமே இல்லை. மின்சாரக் காரின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தருவதால் அதற்கு ஒற்றைக் குறைப்பு கியர் போதும். ஆகவே கிளட்சை யாரும் பிடுங்கி எறியவில்லை; புதிய இயந்திர அமைப்புகளில் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

மூன்றாவது காரணம் ஓட்டுநர் உதவி வசதிகள். முன்னால் செல்லும் வண்டி நின்றால் தானும் நின்று, அது நகர்ந்தால் தானும் நகரும் வசதியை மேனுவலில் தர முடியாது. இடையில் யாராவது கிளட்சை மிதித்தாக வேண்டும். இத்தகைய வசதிகளெல்லாம் உயர் விலைப்பிரிவில்தான் வருகின்றன என்பதால், அந்தப் பிரிவு தானாகவே ஆட்டோமேட்டிக்காகிவிடுகிறது. மிகக் குறைவாக விற்கும் ஒரு வகையைக் கிடங்கில் வைத்திருப்பது முகவருக்கும் சுமை. அதனால் அவர் வாங்கி வைப்பதில்லை, வைக்காததால் விற்பதில்லை, விற்காததைக் காட்டி அடுத்த ஆண்டு நிறுவனம் அதை நிறுத்துகிறது. உங்களுக்கு ஷோரூமில் நேர்ந்தது இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

ஆனால் இது ஒருவழிப் பாதை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021இல் ஹூண்டாய் ஐ20 என் லைன், கிளட்ச் மிதி இல்லாத ஐ.எம்.டி. கியர்பாக்ஸுடன் வந்தது, 2023இல் அதை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸின் 1.5 லிட்டர் எஞ்சின் 2022இல் ஆட்டோமேட்டிக்குடன் மட்டுமே வந்தது. அடுத்த ஆண்டே மேனுவல் சேர்க்கப்பட்டது. இன்னோவா கிரிஸ்டா 2023இல் திரும்பி வந்தபோது டீசல், ஐந்து கியர் மேனுவல் என்ற ஒரே இணையில்தான் வந்தது. வாடகை வண்டி வைத்திருப்பவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கேட்பவர்கள் முன்பதிவுப் படிவத்தில் கேட்டால் நிறுவனங்கள் செவிசாய்க்கின்றன என்பதே என் கருத்து.

பதில் 2: நீலகிரி_பயிற்றுநர்

ஓட்டுநர் பயிற்சி அளிப்பவன் நான். மலைச்சாலையைப் பற்றிப் பேசும்போது கிளட்ச் மிதியைவிட முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. இறக்கத்தில் வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டியது முதலில் எஞ்சின், பிறகுதான் பிரேக். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, ஓட்டுநர் தேர்வில் ஒருவர் செய்து காட்ட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. இறக்கத்தில் விரைந்து கீழ் கியருக்கு மாற்றுவதும், செங்குத்தான மேட்டில் நிறுத்தி வண்டி பின்னோக்கி உருளாமல் மீண்டும் எடுப்பதும் அதில் உள்ளன. சமவெளியில் உரிமம் பெற்றவர்கள் இந்த இரண்டையும் மனத்தில் ஏற்றிக்கொள்ளாமலேயே மலைக்கு வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள் என்று எழுதி வைத்திருந்தும், வெளியூர் வண்டிகள் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி விபத்துக்குள்ளாகியிருக்கின்றன. தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் பட்டைகளும் வட்டுகளும் சூடேறிப் பிடிமானம் குறையும்; அதன்பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வேகம் குறையாது. ஆட்டோமேட்டிக்கை, கியரை வண்டியே தேர்ந்தெடுக்கும் 'டி' நிலையில் போட்டுவிட்டு இறங்குபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வண்டி மேல் கியருக்குத் தாவிவிடும், எஞ்சினின் தடை கிடைக்காது, கால் முழுநேரமும் பிரேக்கிலேயே இருக்கும்.

ஆகவே ஆட்டோமேட்டிக் ஆபத்தானது, மேனுவல் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். மேனுவலில் நான்காம் கியரில் இறங்குபவரையும் பார்க்கிறேன். நியூட்ரலில் உருட்டிவிட்டு எரிபொருளைச் சேமித்ததாக மகிழ்பவரையும் பார்க்கிறேன். மேனுவலில் கற்றவருக்கு ஒரு நன்மை உண்டு. வேகம், கியர், எஞ்சினின் ஒலி ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு அவருடைய உடம்பில் பதிந்துவிடுகிறது. பின்னாளில் அவர் ஆட்டோமேட்டிக்கை ஓட்டினாலும், இறக்கம் வந்ததும் கை தானாக, கியரை நாமே மாற்றும் 'எம்' அல்லது கீழ் கியரிலேயே வைத்திருக்கும் 'எல்' நிலையைத் தேடும். ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே பழகியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பயிற்சிப் பள்ளிகள் அதை இன்னும் பாடமாக ஆக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வேறு வழியில்லை என்றால், கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் எண்ணெய் வழியாக எஞ்சினின் விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகையைத் தேடுங்கள். கியரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். 2022இல் வந்த பிரெஸ்ஸாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் ஸ்டியரிங்கின் பின்னால் அதற்கான விசைகள் உள்ளன. ஏ.எம்.டி. வாங்கினால், ஏற்றத்து நெரிசலில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் அறவே கூடாது. உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்ச் பிளேட்தான், அது தேய்ந்து கருகும். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் இறக்கத்துக்கென்றே 'பி' (B) நிலை உண்டு. மின்கலம் நிறையும்வரை மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நிறைந்த பிறகு எஞ்சினைச் சுழற்றித் தடை கொடுக்கும். மின்சாரக் காரைக் கோத்தகிரியிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், திரும்பப் பெறும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க இடம் இருக்காது. அந்தத் தடையும் குறையும். மலையில் இருப்பவர்கள் சற்று மிச்சம் வைத்துச் சார்ஜ் செய்வது நல்லது.

பதில் 3: வேளச்சேரி_வாசகி

மேலே உள்ள பதில்களை மதித்தே எழுதுகிறேன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் அலுவலகம் சென்று திரும்பும் எனக்கு, ஆட்டோமேட்டிக் வந்த பிறகுதான் இடது முழங்கால் வலி நின்றது. கார் ஓட்டவே தயங்கிய என் அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு இப்போது தனியாகக் கோயிலுக்குச் சென்று வருகிறார். கிளட்ச் இருந்திருந்தால் அவர் கற்றிருக்க மாட்டார். மேனுவல் ஓட்டினால்தான் ஓட்டுநர் என்ற பேச்சைப் பெண்கள் நிறையக் கேட்டுவிட்டோம். மேனுவல் கிடைக்க வேண்டும் என்ற கோத்தகிரி நண்பரின் கோரிக்கை நியாயமானது. அதற்குக் காரணம் அவர் ஓட்டும் சாலை. அந்தக் காரணத்தோடு பேசினால் என்னைப் போன்றவர்களும் அவருடன் சேர்ந்தே குரல் கொடுப்போம்.

பதில் 4: யாழ்_சாரதி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாட்டில் இப்போது தொடங்கியிருப்பது எங்களிடம் நெடுநாள்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இங்கே ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிய பின் இறக்குமதியானவை. விட்ஸ், அக்குவா, பிரியஸ், வெசெல், வாகன் ஆர் ஹைபிரிட் என்று எதை எடுத்தாலும் ஓட்டோ (ஆட்டோமேட்டிக்) கியர்தான். ஜப்பானில் புதிய கார்களில் ஏறத்தாழ எல்லாமே ஓட்டோவாக இருப்பதால், அங்கிருந்து வாங்கும் எங்களுக்குத் தெரிவு என்பதே இல்லை. அந்த நாட்டில் 1991 முதலே ஓட்டோ வாகனத்துக்கு மட்டுமான தனி அனுமதிப்பத்திரம் உண்டு. 2025 ஏப்ரல் முதல் சாரதிப் பயிற்சியின் அடிப்படைப் பாடமே ஓட்டோ வாகனத்தில்தான், மனுவல் வேண்டுவோர் அதன் மேல் கூடுதலாகக் கற்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

எங்களிடம் மனுவல் தேடுபவருக்கு மிஞ்சியது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த மாருதி 800உம் அல்ட்டோவும்தான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில், சிறிய மனுவல் கார்களைக் கிராமத்துக் கராஜிலேயே திருத்த முடிந்தது. ஹைபிரிட் மின்கலம் பழுதானவர்கள்தான் பாகத்துக்காக அலைந்தார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: பாகத்துக்குப் பயந்து மனுவலைத் தவிர்க்க வேண்டாம். தெரிவு இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் 5: மேட்டுப்பாளையம்_பட்டறை

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது சரி. மேனுவல் வண்டியில் வழக்கமாகத் தேய்கிற பொருள்கள் மூன்று: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். மூன்றையும் ஒரே தொகுதியாக விற்கிறார்கள். கார் நிறுவனத்தின் பெயரிட்ட தொகுதியும் கிடைக்கும், வெளிச்சந்தைத் தொகுதியும் கிடைக்கும். ஏ.எம்.டி. வண்டிகளின் கியர்பாக்ஸும் மேனுவல் வகையே என்பதால், அவை விற்கும்வரை கியர்ச் சக்கரங்களுக்கும், கியர் மாறும்போது அவற்றின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோனைசர்களுக்கும் தட்டுப்பாடு வராது. பன்னிரண்டு ஆண்டு என்பது மேனுவலுக்குப் பெரிய காலம் அல்ல. சில எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்க இரட்டைப் பகுதி ஃப்ளைவீல் வைத்திருப்பார்கள். அது பழுதானால் கிளட்சைவிட அதிகம் செலவாகும். வாங்கும் முன் அந்த ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் கவலை வேலை தெரிந்தவர்களைப் பற்றியது. புதிதாகச் சேரும் பையன்கள் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள்; ஆனால் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து, ஒலியை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்தக் கைத்தொழில் எங்கள் தலைமுறையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே, வரும் கியர்பாக்ஸ் ஒவ்வொன்றையும் அவர்களை வைத்தே பிரிக்கிறேன்.

கோத்தகிரிக்காரன் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. வேளச்சேரி சகோதரி சொன்னதை முழுதாக ஏற்கிறேன். என் மனைவியும் அதையே சொன்னார். இப்போது எங்கள் பட்டியலில் டிசையர், பிரெஸ்ஸா, நெக்ஸான், எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ. ஆகிய நான்கின் மேனுவல் வடிவங்கள் உள்ளன. பாதுகாப்புக்காக உயர் பிரிவுக்குப் போக வேண்டுமோ என்று அஞ்சியிருந்தேன். 2024இல் வந்த டிசையரில் ஆறு காற்றுப்பைகளும், வழுக்கல் கட்டுப்பாடும், ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் வசதியும் எல்லாப் பிரிவுகளிலும் இருக்கின்றன என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். நான்கு பேரும் சாமான்களும் ஏறினால் மலைக்கு எது இழுக்கும் என்பதை மட்டும் பட்டறை அண்ணன் சொல்ல வேண்டும்.

மேட்டுப்பாளையம்_பட்டறை

தம்பி, முழுச் சுமையோடு அடிக்கடி ஏறுவீர்கள் என்றால் டிசையரின் 1.2 லிட்டர் எஞ்சினை விரட்டி ஓட்ட வேண்டியிருக்கும். இருவர் மட்டும் போகும் வீட்டுக்கு அது போதும். நெக்ஸானும் 3எக்ஸ்.ஓ.வும் டர்போ எஞ்சின் கொண்டவை, நெக்ஸானின் தொடக்கப் பிரிவைத் தவிர ஆறு கியரும் உண்டு, இழுவிசை தாராளம். ஆனால் டர்போ எஞ்சின் குறைந்த சுழற்சியில் சோம்பும். கொண்டை ஊசி வளைவில் உங்கள் பழைய டீசலை இரண்டாம் கியரிலேயே திருப்பியிருந்தாலும், இதில் முதல் கியருக்கு இறங்க வேண்டி வரலாம். பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் எஞ்சினில் டர்போ இல்லை. மிதித்த அளவுக்குச் சீராக இழுக்கும், ஐந்து கியர்தான் என்றாலும் மலைக்கு அது குறையில்லை. எதுவானாலும் மேனுவல் வண்டியையே ஓட்டிப் பார்க்கக் கொடுங்கள் என்று கேளுங்கள். கோவையில் இல்லையென்றால் ஈரோட்டிலோ திருப்பூரிலோ இருக்கும் முகவரிடமிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள். வண்டியைக் கல்லாறு தாண்டி முதல் சில வளைவுகள் வரையாவது ஏற்றி, பாதி மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கிளட்ச் மிதி எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதை உங்கள் மனைவியும் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.